வெறுங்கால்

சர்ச் தெரு மாடியில் ஒரு கடை.
பழைய வீடியோ கேம் பெட்டிகள், புதிய பீர்.
முதலாளி நிஹால் பூவய்யா கேட்டது:
எண்பதுகளின் கணினித் திரை மாதிரி எழுத்து,
ஆனால் கொஞ்சம் கண்ணியமாக.
கண்ணியம் என்றால் செரிஃப் என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் அவன் பிறக்கவில்லை.
நானும்.

ஆங்கிலம் இரண்டு இரவில் முடிந்தது.
ஐ-க்கு மேலே மூன்று கட்டம், கீழே மூன்று,
நடுவில் ஒல்லியாக ஒரு தூண்.
மெனு அட்டையில் நின்றது, டோக்கன் எண்களில் நின்றது,
கழிப்பறைக் கதவில்கூட
வாய்தாவுக்குக் காத்திருக்கும் வக்கீல் போல
விறைப்பாக நின்றது.

பெயர்ப் பலகைக்குக் கன்னடம் ரக்ஷிதா வரைந்தாள்.
அவள் எழுத்துகளுக்குத் தலையிலேயே கட்டு உண்டு,
அலங்காரம் தேடி அலையவில்லை.

தமிழை யாரும் கேட்கவில்லை.
கேட்காததால்தான் தொடங்கினேன்,
அல்சூர் வீட்டில், மின்சாரம் போன ஞாயிறு,
லேப்டாப்பில் நாற்பது சதவீதம் மிச்சம்.

பதினாறுக்குப் பதினாறு.
ட வந்து உட்கார்ந்தது, சாவி வைத்திருப்பவர் போல.
ப அதன் பக்கத்தில்.
மெய்யின் புள்ளிக்கு நான் செய்ய ஒன்றுமில்லை,
அது எப்போதுமே ஒரு பிக்சல்தான்.
ழ-வின் வாலைப் படிப்படியாக இறக்கினேன்,
ஒரு கட்டம் குறைந்தால் மு,
ஒரு கட்டம் கூடினால் கறை.
ஞ-வைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பிறகு செரிஃப்.
நிற்கும் கோடு எல்லாவற்றுக்கும் பாதத்தில் ஒரு கட்டம்,
இடப்பக்கம் சற்றே தள்ளி,
செருப்பு மாட்டியது போல.
அழகாக இருந்தது.
பேட்டரி தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனைக்கு, சமையலறை லேபிள்களை அதில் அச்சிட்டேன்.
குளிர்பெட்டியைத் திறந்த இருதயராஜ்
(மர்ஃபி டவுன்காரர், கோயில் அறிவிப்புத் தாளில்
பாதிரியாரின் பிழையையே திருத்தியவர்)
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது என்ன மேடம், இறரல்?"

இறால்.
காலுக்குச் செருப்பு மாட்டியதும்
அது கால் இல்லை, ர.
காளான், கரளரன்.
பால், பரல்.
கொலுசுக்குள் கிடக்க வேண்டியது டீயில் விழுந்திருந்தது.

நாங்கள் இருவரும் சிரித்தோம்,
அவர் கொஞ்சம் அதிகமாக.

அன்றிரவு அழித்தது ஒரே ஒரு கட்டம்.
மற்றவை எல்லாம் செருப்போடு நிற்க
துணைக்கால் மட்டும் வெறுங்கால்,
ரெசிடென்சி சாலை வெள்ளத்தில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர் மாதிரி.

மெனுவில் தமிழ் இன்னும் வரவில்லை.
அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறான் நிஹால்.
ரெட்ரோவுக்குத் தமிழில் என்ன என்று
ஒருமுறை கேட்டான், எனக்கு வாயில் வரவில்லை.

இரண்டாம் தட்டில், ரசம் இருக்கும் டப்பாவின் மேல்
இப்போது ஒட்டியிருக்கிறது,
கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக:
நேற்றையது.

அதன் கீழே, பேனாவில், இருதயராஜ்:
மூணு மணிக்குள்ள தீர்த்துடணும்.