ஐந்தாவது மெஷின்

எக்ஸ்போர்ட் கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பி.எஃப். பணமும்
ஜிமிக்கியை வைத்து வாங்கியதும் சேர்த்து
நாற்பத்தோராயிரம்.
எண்ணூர் ரோட்டில்
ஐஸ் உடைக்கும் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
ஒன்பதுக்குப் பதினொன்றில் ஓர் அறை.
அட்வான்ஸ் போக மிச்சம் இருபத்தாறு.

எத்திராஜ் சொன்னான்:
"அஞ்சு மெஷினாவது இல்லன்னா
பிரவுசிங் சென்டர்னு போர்டு மாட்ட
எனக்கே கூச்சமா இருக்கும்க்கா."

ரிச்சி தெருவில் புதுசுக்கு விலை கேட்டோம்.
கேட்டதோடு சரி.
ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டு
பஸ் ஏறினோம்.

மூடிப்போன ஏதோ கால் சென்டரின் சாமான்கள்
மூலக்கடை குடோனில் குவிந்து கிடந்தன,
பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே.
பூசணிக்காய் வாங்குகிறவள் மாதிரி
மானிட்டர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
ஒன்றின் கண்ணாடியில்
வருஷக்கணக்காய் எரிந்த எழுத்து
அணைத்த பிறகும் போகவில்லை:
தயவுசெய்து காத்திருக்கவும், இங்கிலீஷில்.
அதற்கு நூறு ரூபாய் குறைத்தான்.

மானிட்டர் ஐந்து. சிபியு நாலு.
ஐந்தாவது வெறும் கூடு,
கொசுறாய்க் கேட்டு வாங்கியது.

ராத்திரி ராம்களைப் பாயில் பரப்பி
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தோம்.
உப்புக்காத்து ஊர்.
இங்கே தங்கம் பூசிய பல்லும் கறுக்கும்.
ஒரு பீப் வந்தால் உயிர்.
விடாமல் கத்தினால்
இன்னும் தேய்.
நாலாவது எழுந்தபோது மணி இரண்டே கால்,
மீன் வண்டிகள் காசிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கீபோர்டில் செத்துப்போன எழுத்துகளை
ரோஸ் கலர் நெயில் பாலிஷில் நானே எழுதினேன்.
எல்லாவற்றிலும் ஈதான் முதலில் போயிருந்தது.
அத்தனை பேருக்கும் என்ன அவசரமோ.

நாற்காலி நாலு, விலைக்கு.
ஐந்தாவது பஞ்சர் கடை ஜலாலிடம் இரவல்.
யுபிஎஸ் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.
கரண்ட் போனால் யார் மட்டும் பிழைப்பது?
அதற்கே ஒரு சண்டை.
கடைசியில் ஒன்றாம் நம்பருக்குக் கொடுத்தோம்,
ரயில்வே அப்ளிகேஷன் போடுகிறவர்கள்
அங்கே உட்காரட்டும் என்று.

ஐந்தாவதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.
கூட்டையும் மானிட்டரையும் சோடித்து வைத்து
'ரிப்பேர்' என்று அட்டை ஒட்டினான் எத்திராஜ்.
கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்ட சங்கிலி மாதிரி
எண்ணிக்கைக்கு இருந்தது.

மூன்றாம் நாள் வந்தார்
டிரெய்லர் ஓட்டும் மாசிலாமணி.
ஹார்பர் கேட்டுக்குப் போகும் வரிசையில்
அவர் கண்டெய்னர் நேற்றிலிருந்து
எங்கள் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.
"மணிக்கு எவ்ளோ?"
"இருபது."
"ரிப்பேர்ல குந்தினா?"

எத்திராஜ் என்னைப் பார்த்தான்.
நான் ஃபேனைப் பார்த்தேன்.

உட்கார்ந்தார்.
ஸ்டியரிங் பிடித்துத் தடித்த ஒற்றை விரலால்
ரோஸ் எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கினார்.
கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது.
"அதுல ஒண்ணும் வராதுண்ணே."
"தெரியும்மா. எது எங்க கீதுன்னு பாத்துக்கிறேன்.
ஓட்ற மெஷின்ல காசு குட்த்து குந்திக்கினு
தேடிக்கினே இருந்தா
மீட்டர் ஏறாது?"

வரிசை நகர்ந்தால் கிளீனர் பையன் விசில் அடிப்பான்.
எழுந்து போவார். முப்பதடி ஓட்டுவார்.
கைகால் கழுவிக்கொண்டு திரும்பி வந்து
விட்ட எழுத்திலிருந்து அடிப்பார்.
விட்ட இடம் எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரிசையில் இல்லை.
வேறு இரண்டு டிரைவர்கள் வந்து
ரிப்பேர் எது என்று கேட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க் தொள்ளாயிரத்துக்குக் கிடைக்கிறதாம்.
போட்டுவிட்டால் அட்டையைக் கிழித்துவிடலாம் என்றான் எத்திராஜ்.
இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.
கிழித்தால்
மணிக்கு இருபது கேட்கணும்.