ஒன்றும் செய்யாத நகம்

வென்ட்வொர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே,
மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
என் விரலைப் பிடித்தபடி லியென் கேட்கிறாள்:
வெள்ளை எவ்வளவு தடிப்பு?

இல்லாத அளவுக்கு, என்கிறேன்.

சிரிக்கிறாள். அதுதான் கஷ்டமாம்.
சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி என்றால்
இருபது நிமிஷம்.
இதற்கு ஒரு மணித்தியாலம்.

மூச்சை நிறுத்தி
மயிரிழைத் தூரிகையால் இழுக்கிறாள்,
பால் குடித்த கோப்பையின் விளிம்பில்
தங்கிப்போன கோடு போல ஒன்று.
அடியில் ஒரு ரோஸ். ரோஸ் என்றும் சொல்ல ஏலாது.
பன்னிரண்டு வருஷம் ப்ளீச்சில் ஊறிய நகம்,
நேற்று நல்ல நித்திரை கொண்டேன் என்று
சொல்கிற பொய்.

அறுபத்தைந்து டாலர்.

வீட்டில் கஜரூபன்
லைட்டைப் போட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"எங்க செய்தது?" என்றான்.
அவன் கேட்டது கடையை அல்ல.

திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் கவுண்டர்.
நகப்பூச்சுக் கூடாது என்று
போன கிழமைதான் எழுதி ஒட்டிய ஷரன்
என் கைகளைப் பார்த்தாள்,
ஒன்றையும் பார்க்காமல் போனாள்.

வெண்டிக்காய், டயப்பர், இரண்டு லீட்டர் பால்.
கார்டை நீட்டியது ஒரு கை.
அதே வெள்ளை. அதே ஒன்றுமில்லாமை.
சின்னவிரலில் மட்டும்
கோடு ஒரு நூல் இறங்கியிருந்தது.
யார் பார்ப்பார்கள் அதை?

நிமிர்ந்தேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் கிடந்த
என் பத்து விரல்களையும்
எண்ணுவது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரசீது வேணுமா, என்றேன்.

வேண்டாம் என்றாள்,
கையை உடனே எடுக்காமல்.