பன்னிரண்டு மில்லிமீட்டர்

கூத்தாநல்லூர் தாண்டி மன்னார்குடிச் சாலையில்
மூடிக்கிடக்கும் எடைமேடைக்குப் பின்னால்
ஒரு கண்ணாடிப் பெட்டி.
பகலில் பார்த்தால்
யாரோ பெரிய அளவில் மீன் வளர்க்கப் போகிறார்கள் என்று தோன்றும்.
ஏழு மணிக்கு விளக்குப் போட்டால்
நாங்கள்தான் அந்த மீன்கள்:
நான், ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வரும் எஸ்தர்,
நஜ்முதீன்,
வந்தால் வருகிற உரக்கடை திருமேனி.

நஜ்முதீன் ஷார்ஜாவில் ஒன்பது வருடம்
இந்தப் பெட்டிகளுக்குக் கண்ணாடி மாட்டியவன்.
நாற்பத்தொரு பேடல் களம்.
ஒன்றிலும் ஒரு பந்து அடித்ததில்லை.
"உள்ள நிக்கிறவங்களுக்கு மணிக்கு எரநூறு திர்ஹாம்,
நான் வெளில நின்னு ஸ்க்ரூ முறுக்குனேன்."
ஏதோ ஒரு கிளப் கலைத்துப்போட்ட களத்தை
கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்துவிட்டான்.

ஆகவே எங்களில் யாருக்கும் ஆடத் தெரியாது.
கைப்பேசியைக் கம்பிவலையில் செருகி
ஒரு ஸ்பெயின்காரன் பேசப் பேச
மொழியை விட்டுவிட்டு
முழங்காலைப் பார்த்துக் கற்றோம்.

முழங்கால் மடங்க வேண்டும்.
நடவுக் குனிவு இல்லை.
நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப்போய்
பாதியில் நினைவு வந்த மாதிரி.
தோள் முதலில் திரும்பும்.
மட்டை பின்னால் அதிகம் போகாது,
போனால் கண்ணாடியில் முட்டும்.
பந்தை முன்பாதத்துக்கு நேரே சந்திக்க வேண்டும்.
மணிக்கட்டு அசையவே கூடாது.

இந்த மணிக்கட்டுதான்.
கல்லூரியில் ஷட்டில் ஆடிய கை,
சொடுக்காமல் அதற்கு உயிர் இல்லை.
பகலில் கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறேன்.
ஈரப்பதம் இருபது காட்டினால்
"காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்று
நாளைக்கு முப்பது பேரைத் திருப்பி அனுப்புகிற வாய்
இந்த ஒரு கையிடம்
பொறு என்று சொல்ல முடியவில்லை.

நாற்பது நாள்,
பந்து தரையில் துள்ளியதும் பாய்ந்து அறைந்தேன்.
வலை.
வலை.
கம்பி.
வயல்.
வயலுக்குப் போனவை எஸ்தர் கணக்கில் பதினேழு.
அறுவடை மெஷின்காரர் மூன்றைத் திருப்பித் தந்தார்,
அதில் ஒன்று பாதி.

தை மாதப் பனி.
கண்ணாடி வியர்த்து, துண்டால் துடைத்து, மறுபடி வியர்த்தது.
நஜ்முதீன் ஆட்டத்தை நிறுத்தி
பின்சுவருக்குப் போய் விரல்முட்டியால் தட்டினான்,
தர்பூசணி வாங்குகிறவன் போல.
"பந்து மேல ஒனக்கு பயம் இல்ல,
இத நம்பல நீ.
பன்னெண்டு மில்லி. சூடுபோட்டு எடுத்தது.
ஆளே மோதுனாலும் நிக்கும்.
போகவிடு."

போகவிடுவது
உடம்புக்குப் பிடிக்காத காரியம்.
இடுப்போரம் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒன்று கடக்கும்போது
எல்லா நரம்பும் கை நீட்டுகிறது.
நீட்டவில்லை.
அதோடு கூடவே பின்னால் நடந்தேன், பக்கவாட்டில்,
இடது கை மட்டையின் கழுத்தில்.
தரை. கண்ணாடி.
அத்தனை கோபத்தையும் சுவரிடம் கொடுத்துவிட்டு
பந்து வந்தது,
சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவன் நடையில்,
தொடை உயரத்தில்.
எனக்கு நேரம் மிச்சம் இருந்தது.
இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த நேரம்?

தொப்.
வலையை உரசாமல் தாழப் போய்
எஸ்தரின் கால்மாட்டில் செத்தது.
"ஏய், யாரு அடிச்சது இப்ப?" என்றாள்.

அடுத்த பதினோரு பந்தும் போயிற்று.
அது வேறு விஷயம்.

நஜ்முதீனுக்கு இன்னும் பேக்ஹேண்ட் வரவில்லை.
பந்து சுவரில் படும் ஒவ்வொரு முறையும்
தலை பந்தோடு திரும்பாமல்
சத்தத்தோடு திரும்பிவிடுகிறது.
நேற்றும் அப்படித்தான்,
சுலபமான பந்து காலடியில் உருண்டுபோக
இடது மூலையைக் காது கொடுத்துக் கேட்டு,
"நாலாவது ஸ்க்ரூ லூசு" என்று
மட்டையைக் கீழே வைத்துவிட்டு
ஸ்பேனரோடு வெளியே போய்விட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
பனியில், நெற்றியை ஏறக்குறைய ஒட்டி
முறுக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து
எஸ்தர் கத்தினாள்:

"உள்ள வாய்யா, சர்வீஸ் ஒன்னோடது."