சில்லறை

மிங்களாடோன் விமான நிலையத்தில்
இருநூறு டாலரை வாங்கிக்கொண்டு
பணம் மாதிரி ஒன்றைத் தந்தார்கள்.
எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரி.
பணம்தானா என்று கேட்க பாஷை இல்லை.

எனக்குத் தெரிந்த பர்மியம் மொத்தம் மூன்று சொல்.
வியாசர்பாடி வீட்டில்
பிள்ளைகளுக்குப் புரியக்கூடாதென்று
அப்பாவும் அம்மாவும்
சண்டையை மட்டும் அதில் போட்டார்கள்.
மஷீபூ: இல்லை.
மதீபூ: தெரியாது.
தோபீ: போதும்.
இந்த மூன்றை வைத்துக்கொண்டு
ஒரு குடும்பம் நடத்தலாம், நான் சாட்சி.
தேசமே நடத்தலாம் என்பது
வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா வரவில்லை. முழங்கால் என்றார்.

சோஷலிசம் போய் ஆறு வருஷமாம்.
போய், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால்
டாக்சிக்காரன் கண்ணாடியைத் துடைக்கிறான்.
முச்சந்தியில் சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து.
என்ன போட்டிருக்கிறது?
மதீபூ என்றான்,
மடியில் செய்தித்தாள் வைத்திருந்தவன்.

பசுண்டாங்கில், கால்வாய்க்கு முந்திய தெருவில்,
ஆலைத் தவிடு பறக்கிற திருப்பத்தில்
அப்பா சொன்ன அடையாளங்களில் பாதி இருந்தது.
கடை இருந்தது.
ஊ ஓன் ஷ்வே இருந்தார்.
மக்கள் கடை எண் பதினெட்டின் மேலாளராக
இருபத்துநாலு வருஷம்
மஷீபூ மஷீபூ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்
அதே நாற்காலியில் இப்போது முதலாளி.
துறைமுகக் கூலிகளிடம் கற்ற தமிழ்;
கெட்ட வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வந்தன.

"மாசிலாமணி மகளா" என்றார்.
"நான்தான் பூட்டினேன்."

மன்னிப்பாக இல்லை, பெருமையாகவும் இல்லை.
நேற்று மழை பெய்தது என்பதுபோல.
இந்த ஆளிடம் சொல்ல எங்கள் வீட்டில்
முப்பது வருஷமாக வசனம் தயாராக இருந்தது.
ஒரு வரியும் வாய்க்கு வரவில்லை.

தாய்லாந்து சோப்புத்தூள் அடுக்கிய தட்டு
பழைய பெயர்ப்பலகை, கவிழ்த்து ஆணியடித்தது.
குனிந்து பார்த்தால் "அண்டு சன்ஸ்."
எழுதியபோது அப்பாவுக்குப் பிள்ளையே இல்லை.
பிறகு பிறந்தது நாங்கள் மூன்று பெண்கள்.
எடுத்துக்கொள்கிறாயா என்றார்.
சோப்பை எங்கே வைப்பீர்கள் என்றேன்.

என் பையில் அப்பாவின் நூறு கியாட் நோட்டு.
அறுபத்துநாலு மே மாதம்
செல்லாது என்று சொன்னார்கள், செத்தது.
கப்பலடியில் அம்மாவின் தோட்டைக் கழற்றியவன்
இதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம்.
மேசைமேல் வைத்தேன்.
குத்திக்காட்டத்தான் வைத்தேன்.

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
காலடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார்.
உள்ளே கட்டுக்கட்டாக
எழுபத்தைந்துகள், இருபத்தைந்துகள்.
எண்பத்தேழு செப்டம்பரில்
அவருடைய அரசாங்கமே கொன்றவை.
மகள் கல்யாணத்துக்காம்.
கல்யாணம்? என்றேன்.
தோபீ என்றார்.

அப்புறம் விரலில் எச்சில் தொட்டு
ஒரு எழுபத்தைந்து
ஒரு இருபத்தைந்து
இரண்டு தடவை எண்ணி என் பக்கம் தள்ளினார்.
என் நூறை டின்னுக்குள் போட்டு மூடினார்.
மடித்து வைத்துக்கொண்டேன்.
அப்பாவிடம் என்ன சொல்வது?
நோட்டை மாற்றிவிட்டேன் என்றா?

மழை பிடித்துக்கொண்டது.
குடை ஒன்று கேட்டேன்.
அதற்கு மட்டும் நல்ல பணம் வேண்டும் என்றார்.
பேரம் பேசினேன். இறங்கவில்லை.
விமான நிலையத்தில் தந்ததை நீட்டினேன்.
அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
அப்பாவின் நூறைவிட
ரொம்ப நேரம்.