கூம்பும் பெட்டியும்

ரொறொன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பியது:
சிவப்பு வாய்க் கூம்பு பில்டர், பளபளக்கும் குழாய்.
எட்டுக் குதிரைவலு கூடுமாம்.
யப்பான்காரன் வைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி
கராச் மூலையில் எறிந்தேன்.

ஏ-ஒன்பதில் அது கதைத்தது.
மிதித்தால் உறிஞ்சும், காலை எடுத்தால் சீறும்.
மாங்குளம் சந்தியில் பெடியள் திரும்பினாங்கள்.

பிறகு ஒட்டுசுட்டான் பக்கம், கிரவல் றோட்டு,
முன்னால் மண் ஏற்றிய டிப்பர்.

மூன்றாம் கிழமை யேசுரட்ணம் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தான்.
மிளகாய்த்தூள் பேணிக்குள் விட்டதுபோல் வந்தது.
"டேர்போச் சில்லு இதைத்தான் தின்னுது,
எஞ்சின் சூட்டுக் காத்தோட சேர்த்து.
பெட்டியெண்டால் முன்னுக்கிருந்து குளிர்காத்து எடுக்கும்.
உனக்குச் சத்தம் வேணுமோ, கார் வேணுமோ?"

பதிலுக்கு ஒருதரம் அழுத்தி மிதித்தேன்.
கூவல் எழும்ப
எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றது.
பத்மலோசினி அக்கா துணியை விட்டு
வானத்தைப் பார்த்தா.

பெட்டியைத் தூசி தட்டிப் பூட்டினோம்.
எறிந்ததில் ஒரு கிளிப் உடைந்திருந்தது;
சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டினான்.

கூம்பு இன்னும் டிக்கிக்குள் கிடக்கிறது.
முறிகண்டி தாண்டி, ஆளில்லாத காட்டில்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு
வாயால் சீறிக்கொள்வேன்.