சிம் கார்டு இல்லை

இன்னும் நீ உன்னைத் தொலைபேசி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய்.
இரண்டு டன் இரும்பின் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு
சிம் கார்டைச் செருகு என்கிறாய்.
அவசர அழைப்புகள் மட்டும் என்கிறாய்.
யாரை அழைக்கப் போகிறாய், இவாலோவில்,
பிப்ரவரியில், ராத்திரி இரண்டே காலுக்கு?

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நானும் துய்யாவும் ஒரு டீசல் ஹீட்டரும்.
மேசையில் மூடி கழற்றிப் போட்ட பலகை.
அதன் மூன்று கம்பி வழியாக
என் மடிக்கணினிக்குள் வழிகிறது உன் புலம்பல்,
நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு பிட்.

முதல் வாரம் நீ கண்ணே திறக்கவில்லை.
இரண்டாம் வாரம் திறந்தாய், தலைகீழாக.
இடது மூலையைத் தொட்டால்
வலது மூலையில் சிணுங்கினாய்.
துய்யா எங்கோ ஒரு கழித்தல் குறி போட்டாள்.
நிமிர்ந்தாய்.
அன்று வெய்க்கோ வாங்கி வந்த ஏலக்காய் ரொட்டியில்
உனக்கும் ஒரு துண்டு எடுத்துவைத்தோம்.

உனக்கென்று ஒரு மரம் எழுத வேண்டியிருந்தது.
கிளைக்கொரு முகவரி, கணுவுக்கொரு பெயர்;
எந்தக் கணுவில் வெப்பமானி,
எதில் ஒலி, எதில் பின்பக்கக் கேமரா.
கையேட்டின் எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும்
சீனத்தில் இருந்தது.
படத்தைப் பார்த்தே படித்தாள் துய்யா.
ஒரே ஒரு கணுவைத் தப்பாக நட்டாள்:
விசிறியைச் சுழற்று என்றால்
ஹாரன் அடித்தாய்.

பாட்டரி பூஜ்யம் பூஜ்யம் என்று அலறினாய்.
உனக்கென்று தனியாகப் பாட்டரி கிடையாது,
கார்தான் சோறு போடுகிறது என்றால் நம்பவில்லை.
கடைசியில் ஒரு பொய் எழுதிவைத்தேன்:
நூறு.
எப்போதும் நூறு.
அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை.

உனக்குள் ஒரு காவல்நாயும் உண்டு.
எட்டு நொடிக்கு ஒரு தரம் தீனி வைக்காவிட்டால்
உன்னையே குதறிவிட்டு
முதலிலிருந்து எழுப்பும்.
முந்தாநாள் நாற்பத்தேழு முறை பிறந்தாய்.
எண்ணியவன் நான். தூக்கம் வரவில்லை.

ஆனால் நேற்றுக் காலை.

இனாரி ஏரியின் பனித்தளத்தில்
வெய்க்கோ சாவியைத் திருப்பிய கையோடு
ரிவர்ஸ் போட்டான்.
கண்ணாடியில் உறைபனி. திரையில்
நீ நிதானமாக
உன் சின்னத்தை வரைந்துகொண்டிருந்தாய்.
எழுந்திருக்க உனக்கு இருபத்துமூன்று நொடி.
சட்டைப்பையில் கிடக்கிறவனுக்கு அது ஒரு கொட்டாவி.
பின்னால் நின்றவை
மூன்று கலைமான்கள்.

பனி வழிக்கும் நீல்லாஸ் ஓடிவந்து
கூரையில் ஓங்கித் தட்டினான்.
வண்டி வழுக்கி வழுக்கி நின்றது.
மான்கள் நகரக்கூட இல்லை.
நீல்லாஸ் ஜன்னலுக்குள் குனிந்து
உன்னை ஒரு நிமிஷம் பார்த்தான்.
"உங்க டெலிபோன் என்ன சொல்லுது?"
நாங்கள் மூவரும் எங்கள் பூட்ஸைப் பார்த்தோம்.

அதனால்தான் இந்த இரவு.
உன்னிடமிருந்து கேமராவைப் பிடுங்குகிறோம்.
சில்லின் மூலையில் சும்மா கிடந்த
ஒரு சின்னக் கருவிடம் கொடுக்கிறோம்.
அதற்குப் பாட்டுத் தெரியாது, வரைபடம் தெரியாது,
தன் பெயரும் தெரியாது.
சாவி திரும்பினால் கண் திறக்கும், அவ்வளவுதான்.
நீ ஆற அமர எழுந்து வந்து
திரையை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்.
கேட்டு. பறிக்காதே.

மணி ஒன்பது. இப்போதுதான் வெளுக்கிறது.
துய்யா சாவியைத் திருப்புகிறாள்.
ஒன்றே முக்கால் நொடி:
சாம்பல் நிறத்தில் ஏரி,
டயர் தடம்,
நடுவில் கையைத் தூக்கியபடி நீல்லாஸ்.
அவன் மூச்சு புகைவதுகூடத் தெரிகிறது.
யாரும் பேசவில்லை.
இருபத்துமூன்றாம் நொடியில் நீ வருகிறாய்.
கேட்டுத்தான் வாங்குகிறாய்.
வாங்கியதும், அவன் தலைக்கு நேர் மேலே,
சிம் கார்டு இல்லை.

அந்த வரியை அழிக்கும் வேலை
என் பெயரில்தான் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள்.
ஐந்து நிமிஷ வேலை.
இன்னும் தொடவில்லை.