மூன்று புள்ளி நாலு ஐந்து

ஜனவரி மாத பில் வந்த அன்று
சமையலறையில் நின்று படித்தேன்.
நூற்று முப்பத்தெட்டு யூரோ.
வாய் திறந்து வாசித்ததில்
தொகை புகையாக வெளியே வந்தது.
போர்த்தோவில், போன்ஃபிம் பக்கத்தில்,
தெருவில் பதினொன்று டிகிரி
வீட்டுக்குள் பத்து.
இவ்வளவு காசு கொடுத்துக் குளிரை வாங்கியவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்திதானா?

வீட்டுக்காரர் எவரிஸ்டுவிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன்.
"நூறு வருஷத்து மரம், ஸுல்மிரா. அதற்கொரு வரலாறு இருக்கிறது."
இருக்கிறது.
இரவெல்லாம் விசிலடித்து
அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாலு யூரோவுக்கு ஒட்டுப்பட்டை வாங்கி
வரலாற்றின் வாயை அடைத்தேன்.
கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன்.
ஃப்ரிட்ஜின் திருகை ஐந்திலிருந்து மூன்றுக்கு;
பாலுக்குத் தெரியவேயில்லை.
துணி துவைப்பது இரவு பத்துக்கு மேல்
விலை இறங்கிய பிறகு.
கட்டடம் முழுக்க இதே கணக்குத்தான் போலிருக்கிறது,
பத்தே கால் ஆனால்
நாலு மாடியும் ஒன்றாகச் சுழன்று
அலமாரியில் கரண்டிகள் நடுங்கும்.

பிறகு மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்தேன்.
ஆறு புள்ளி ஒன்பதை
மூன்று புள்ளி நாலு ஐந்தாக்கச் சொன்னேன்.
அந்தப் பெண் எச்சரித்தாள்:
"ஒரே சமயத்தில் இரண்டு ஓடாது, அம்மா."
இந்த வீட்டில் இரண்டு ஒன்றாக ஓடி
எத்தனையோ வருஷமாகிறது என்று
அவளிடம் சொல்லவில்லை.

பின்னறையில் அடெரிட்டு குடியிருந்தார்.
மீன் கிடங்கில் இரவு வேலை.
பதினொரு மாதத்தில்
காலை வணக்கம் தவிர வேறு பேச்சில்லை,
அதுவும் அவருக்கு அது தூங்கப்போகும் நேரம்.

வியாழக்கிழமை.
தலை முழுக்க நுரை, எனக்கு மேலே வெந்நீர்,
அந்தப்பக்கம் அவர் சட்டைக்கு இஸ்திரி போட
டப்.
இருட்டு.
நடைவழியில் எதிலோ முட்டிக்கொண்டார்.
ஒரு கெட்ட வார்த்தை. அப்புறம் சிரிப்பு.
இந்த மனிதருக்குச் சிரிப்பு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்,
கண்ணில் சோப்பு எரிய எரிய.

அதன் பிறகு கத்துவதென்று ஏற்பாடு.
"கெட்டில்!"
"போடுங்கள்!"
"ஹீட்டர்!"
"ரெண்டு நிமிஷம், அடுப்பில் முட்டை!"
கெட்டில் கொதிக்கும் மூன்று நிமிஷம்
வேறெதையும் போட முடியாமல்
இருவரும் சமையலறையில் சும்மா நின்றோம்.
சும்மா நின்றால் பேசத்தானே வேண்டியிருக்கிறது.
உப்புக்கண்ட மீனுக்கு விலை ஏன் ஏறுகிறதென்று சொன்னார்.
மருத்துவமனையில் எந்தப் படுக்கைக்காரர்
என் பெயரை மட்டும் மறப்பதில்லை என்று சொன்னேன்.
முன்னிரவுகளில் ஒரே அறையில் ஒரே ஹீட்டர்.
அவர் ரேடியோ, என் கிழிந்த உறைகள்.
மார்ச்சில் ஒருநாள் "போடு" என்றார்.
அந்த "ங்கள்" எங்கே விழுந்ததென்று
இருவரும் தேடவில்லை.

பில் எண்பத்தொன்றுக்கு இறங்கியது.
ஃப்ரிட்ஜில் ஒட்டினோம்.
அடுத்தது எழுபத்தாறு. அதையும் ஒட்டினோம்,
பிள்ளை வாங்கிவந்த மார்க் ஷீட் மாதிரி.

ஏப்ரலில் பிராகாவிலிருந்து அவர் அக்காள் கூப்பிட்டாள்.
அங்கே ஒரு கிடங்கு, பகல் வேலை, ஈரமில்லாத அறை.
போகாதே என்று சொல்ல
நான் யார், பாதி வாடகைக்காரி.
பெட்டியோடு இஸ்திரிப்பெட்டியும் போனது.

இப்போது எதை வேண்டுமானாலும் போடலாம்.
யாரையும் கேட்க வேண்டாம்.
நேற்றும் "கெட்டில்!" என்று கத்திவிட்டு
நடைவழியைப் பார்த்தபடி
கொஞ்சம் பொறுத்துத்தான் சுவிட்சைத் தட்டினேன்.

இந்த மாதம் நாற்பத்திநாலு யூரோ.
இத்தனை குறைவாக வந்ததே இல்லை.
ஒட்டவில்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது.